பொறாமைக்காரியின் சாட்சியம்

மார்ச் 4

பாப்பாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். உன் அண்ணனுக்கு நீ போட்ட கடிதத்தின் உறையைப் பார்த்து விலாசத்தை எடுத்துக்கொண்டேன். உள்ளே இருந்ததைப் படிக்கவில்லை. படிக்க விட்டால்தானே? வந்த நாளிலிருந்து அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற கட்டடத்துக்கெல்லாம் கொண்டு போகிறார். கல்யாணமான புதிதில் நான் என் அம்மா வீட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் எங்கே என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. போன வாரம் கடன் வசூலிக்கிறவர்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். உன் பெயரில் இருக்கிற கடனுக்கு, நீ கிடைக்காவிட்டால் விசாரிக்க வேண்டிய ஆள் உன் அண்ணனாம். மாடிப்படியில் நின்றுகொண்டு எதிர்வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்குச் சத்தம் போட்டார்கள். மறுநாள் நான் வேலை பார்க்கிற செருப்புக் கடைக்கே வந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் காலில் ஷூவை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்துப் பதில் சொன்னேன். எங்கள் முதலாளி கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ஃபர்னிச்சர் ஷோரூம் திறந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வாசல் பலகையில் 'உரிமையாளர்' என்று உன் பெயர். நீ ரிப்பனை வெட்டினாய். மற்றவர்கள் கைதட்டினார்கள். என் இரண்டு கையிலும் யார் யாருடைய கைப்பைகளோ இருந்ததால் நான் தட்டவில்லை. அன்றைக்கு என்னை யாரும் கூப்பிட்டு ஒரு நாற்காலி கொடுக்கவில்லை. அந்த ஷோரூமுக்கு வாங்கிய கடனைக் கட்ட மட்டும் இப்போது என் வீடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

உன் அண்ணன் என்ன முடிவு செய்திருக்கிறார் தெரியுமா? மகளின் கல்லூரிக்கு என்று நாங்கள் இருவரும் போட்டு வைத்த பணத்தை எடுத்து உன் தவணையைக் கட்டப் போகிறார்.

"தங்கச்சி பேரு கெட்டா என் பேரு கெட்ட மாதிரி" என்றார்.

"நம்ம பொண்ணு படிப்பு கெட்டா யாரு பேரு கெட்ட மாதிரி?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

வேண்டாம் என்று நீ எழுது. நான் சொன்னால் அவர் காதில் விழாது. நீ இருமினாலே விழும். வயது முப்பத்தைந்தாகிறது, இன்னும் நீ பாப்பா.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

வணக்கம். அவர்கள் கடைக்கே வந்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது. விலாசத்தை நான் கொடுக்கவில்லை. எந்த விண்ணப்பத்தையும் நான் நிரப்பியதில்லை. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

அண்ணனிடம் பணம் கேட்டு நான் எழுதவில்லை. பெண்கள் விடுதியில் இருக்கிறேன், ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது, போன் வைத்துக்கொண்டால் என்னைக் கட்டிய அந்த மனிதர் கண்டுபிடித்துவிடுவார், அதனால் கடிதம் போடுகிறேன் என்றுதான் எழுதினேன். இவ்வளவையும் படித்துவிட்டு அண்ணன் பணத்தைத்தான் யோசித்திருக்கிறார்.

அவரைத் தடுங்கள். நான் எழுதிவிட்டேன், ஆனால் "சட்டமெல்லாம் நமக்கு எதுக்கு, கட்டி முடிச்சிடலாம்" என்றே நினைப்பார். விடுதிக்கு ஒரு வக்கீலம்மா வருகிறார். கட்டிய கணவன் மிரட்டியோ அடித்தோ வாங்க வைத்த கடனுக்கு மனைவி பொறுப்பில்லை என்று கேட்க ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். விசாரணை முடிகிறவரை கடன் கொடுத்தவர்கள் என்னையோ என் வீட்டு மனிதர்களையோ தொந்தரவு செய்யக் கூடாது. தீர்ப்பாயம் நம்பினால் என் பெயரை நீக்கிவிடும். அவர்கள் அந்த மனிதரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆனால் நம் பக்கத்திலிருந்து யாராவது ஒரே ஒரு தவணை கட்டினாலும், "பாருங்கள், தன் கடன்தான் என்று ஒப்புக்கொண்டு கட்டியிருக்கிறாள்" என்பார்களாம். அண்ணன் பாசத்தால் கட்டுகிற பணமே என் கழுத்தில் கயிறாகிவிடும்.

விண்ணப்பத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மறுபடி வந்தால் அவர்களிடம் காட்டுங்கள். போய்விட வேண்டும்.

நீங்களும் நானும் ஒரே விஷயத்தை விரும்புவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பாப்பா


மார்ச் 20

பாப்பாவுக்கு,

தடுத்துவிட்டேன். பாஸ்புக்கையும் கார்டையும் எடுத்துக்கொண்டு போய் எங்கள் கடைக் கிடங்கில் வைத்திருக்கிறேன். இருக்கிறதிலேயே பெரிய அளவு பூட்ஸ் ஒன்று விற்காமல் கிடக்கிறது, அந்தப் பெட்டியில். அவ்வளவு பெரிய கால் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

உன் அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் மகளைப் பார்த்து, "உங்க அம்மாகிட்ட தண்ணி எடுத்துத் தரச் சொல்லு" என்கிறார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன். மகளும் சளைக்காமல், "அம்மா, அப்பா தண்ணி கேக்கறாங்க" என்று ஒப்பிக்கிறாள். இப்படி ஒரு வைராக்கியத்தை என் விஷயத்தில் அவர் ஒரு நாளாவது காட்டியிருப்பாரா? எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் குறட்டை விட்டுத் தூங்கினவர். உனக்காக இப்போது தூங்குவதில்லை.

வசூல்காரர்கள் வந்தார்கள். நகலைக் காட்டினேன். சின்னவன் போனில் படம் எடுத்துக்கொண்டான், பெரியவன் படியிறங்கினான். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்ததால் நானும் கொஞ்சம் சத்தமாகவே படித்துக் காட்டினேன்.

உனக்காகச் செய்தேன் என்று எண்ணிக்கொள்ளாதே. என் மகளுக்காகச் செய்தேன்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு புழுங்க என்னால் முடியாது. மிரட்டி வாங்க வைத்தார் என்று எழுதியிருக்கிறாய். அடிபட்டவள் மாதிரி நீ எங்கள் வீட்டில் ஒரு நாளும் தெரியவில்லையே. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாய். கார் வாசலில் நிற்கும். அந்தப் பச்சைக்கல் வளையலைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாய். மாப்பிள்ளை உன் கையைத் தூக்கி, "பாருங்கக்கா, இவ கேட்டான்னு வாங்கினேன்" என்று காட்டுவார். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாய். அந்த வளையலை நினைத்து நான் எத்தனை நாள் வயிறு எரிந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. உன் அண்ணனிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அதெல்லாம் கடன் என்றால், அனுபவித்தது யார்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். கிழித்தும் போட்டேன். பிறகு என் அறையில் இருக்கும் பெண் துண்டுகளைப் பொறுக்கி மேஜையில் வைத்திருந்தாள். சரி, எழுதுகிறேன்.

அந்த வளையல் என்னுடையது இல்லை. யாரோ அடகு வைத்தது என்று ஒரு தடவை சொன்னார், மரம் அனுப்புகிறவரின் மனைவியுடையது என்று ஒரு தடவை சொன்னார். உங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால் காரை ஓரம் கட்டி, எடுத்து மாட்டிவிடுவார். திரும்பிப் போகும்போது அதே இடத்தில் கையை நீட்டுவார். கழற்றிக் கொடுப்பேன். "உங்க அண்ணி மூஞ்சியப் பாத்தியா?" என்று சிரித்துக்கொண்டே ஓட்டுவார். உங்கள் பொறாமை அவருக்கு வேண்டியிருந்தது அண்ணி. பொறாமைப்படுகிறவர்கள் இரக்கப்பட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய பழைய வியாபாரம் மூழ்கியதில் அவர் பெயருக்கு யாரும் கடன் கொடுக்கவில்லை. என் பெயர் சுத்தமாக இருந்தது. அதற்காகத்தான் என் பெயரைப் பலகையில் எழுதினார். முதல் தடவை, "எதுக்குன்னு தெரியாம கையெழுத்து போட மாட்டேன்" என்றேன். பால்கனியில் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். உச்சி வெயில். தரை சுட்டது. கொடியில் காய்ந்த துண்டை எடுத்துக் காலடியில் போட்டுக்கொண்டு நின்றேன். எதிர்க் கட்டடத்தில் துணி காயப்போட வந்த பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். கத்தியிருக்கலாம். அவள் என்ன நினைப்பாளோ என்று கூச்சமாக இருந்தது. கதவு திறந்தபோது மேஜையில் காகிதங்களும், மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தன.

அதற்குப் பிறகு பால்கனி தேவைப்படவில்லை. அந்தக் கதவை அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், போட்டுவிடுவேன். ஷோரூம் கடன், கார் கடன், மூன்று கிரெடிட் கார்டு. கார்டுகளை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஒரு தடவை மட்டும் பேனாவைத் தூக்கி எறிந்தேன். அன்று என் மணிக்கட்டு விலகியது. ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். இடது கைதான். வலது கை அவருக்கு வேண்டுமே.

நீங்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களைப் பார்த்துப் பட்டது உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் சமையலறையிலிருந்து அண்ணனைத் திட்டுவீர்கள். ஈரத் துண்டு, அணைக்காத விளக்கு, எதற்கும் திட்டுவீர்கள். அவர் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். திட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு நாளும் அவர் கையைப் பார்த்ததில்லை. எனக்கு அது எப்படி இருக்கும் தெரியுமா? உங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, இந்த அம்மாவுக்கு எவ்வளவு கொழுப்பு என்று வயிறெரிந்திருக்கிறேன். உங்கள் பர்ஸ் ஃப்ரிட்ஜ் மேல் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மே ஏழாம் தேதி விசாரணை. கடன் கொடுத்த நிறுவனம் படங்களாகக் கொடுத்திருக்கிறது. திறப்பு விழா, கார், வளையல். எல்லாம் அந்த மனிதர் அவர்களுக்குத் தந்த படங்கள். வசதியாக வாழ்ந்துவிட்டு இப்போது புருஷன் மேல் பழி போடுகிறேன் என்பது அவர்கள் வாதம். "அந்த வருஷங்கள்ல உங்களைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று வக்கீலம்மா கேட்கிறார். சிநேகிதிகளை எல்லாம் எப்போதோ விலக்கிவிட்டார். ஷோரூமில் வேலை செய்தவர்களுக்கு என்னைத் தெரியாது. என்னைப் பார்த்தது உங்கள் வீடு மட்டும்தான். அண்ணன் என்னைப் பார்த்தால் பாசத்தில் எதையும் கவனிக்க மாட்டார்.

வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாப்பா


ஏப்ரல் 12

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மணிக்கட்டு விஷயத்தை உன் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் லிஃப்ட் வேலையை அந்தரத்தில் விட்டுவிட்டு மாப்பிள்ளையைத் தேடிப் போய்விடுவார்.

அவர் போக வேண்டியதே இல்லை. மாப்பிள்ளையே வந்துவிட்டார். நேற்று, கடைக்கு. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா, பத்தாம் நம்பர்ல கறுப்பு ஷூ இருக்கா?"

அளவுப் பலகையை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது, வேலை அதுதானே.

"நாள் முழுக்க இப்படிக் குனிஞ்சே இருக்கணுமா? பாவம்க்கா. பாப்பா ஒரு நாளாவது இந்தக் கடைக்கு வந்திருக்காளா? கூப்பிட்டா வரமாட்டா. அண்ணி மண்டி போட்டு மாட்டிவிடணுமான்னு கேப்பா. எனக்கே கோவம் வரும். வீட்டு மனுஷிய மதிக்கத் தெரியாதவ."

பாப்பா, உண்மையைச் சொல்கிறேன். என் மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை அப்படியே எடுத்துப் படித்தார். நீ எங்கள் கடைப் பக்கம் வராததை நான் எத்தனை தடவை நினைத்து மருகியிருக்கிறேன். இந்த மனிதர் ஒருவர்தான் என்னைப் புரிந்துகொண்டவர் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்த ஒரு நிமிஷத்தில் உனக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு காலுக்கு லேஸ் கட்டினேன். அடுத்த காலை நீட்டினார்.

"பொண்ணுக்கு இந்த வருஷம் காலேஜ் இல்ல? நான் பாத்துக்கறேன். முழுப் படிப்பும். விசாரணைக்கு வந்து நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம். கண்ணால பாத்ததைச் சொன்னாப் போதும். காரப் பாத்தீங்க. வளையலப் பாத்தீங்க. அவ்வளவுதான்."

"லேஸ் இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன்.

"சரியா இருக்கு. என்ன சொல்றீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

ஷூவைப் போட்டுக்கொண்டே போனார். பழையதைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். போகும்போது முதலாளியிடம், "இவங்களை மாதிரி ஆள் கெடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பொய்யாகச் சொல்லவில்லை, யோசிக்கத்தான் செய்கிறேன். மகளைப் பார்க்கும்போதெல்லாம் 'முழுப் படிப்பும்' என்று காதில் கேட்கிறது. வருகிறேன் என்றும் எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல். அந்தச் செருப்புக் கடைப் பேச்சு நீ பேசியதுதானா?

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணிக்கு,

பேசினேன். "அண்ணி என் முன்னால மண்டி போடக் கூடாது, எனக்குத் தாங்காது" என்றேன். கடைக்கு வரச் சொல்லி அவர் வற்புறுத்தியதே உங்களை அப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். நான் சொன்னதன் தலையை வெட்டிவிட்டு வாலை உங்களிடம் கொடுத்திருக்கிறார்.

அவர் உங்கள் எதிரில் உட்கார்ந்து சிரித்ததைப் படித்தபோது எனக்குள் ஏதோ செய்தது. பயம் மட்டும் இல்லை. என்னிடம் அவர் கடைசியாக அப்படி நயமாகப் பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று நினைத்தேன். இப்படிக்கூட ஒருத்திக்குத் தோன்றுமா என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது. உங்களிடம்தான் இதை எழுத முடிகிறது. இந்த நோய் உங்களுக்கும் தெரியும்.

பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் மகள் படிக்கட்டும், நான் குறை சொல்ல மாட்டேன் என்று எழுத நினைத்தேன். பொய். சொல்வேன். வாழ்நாள் முழுக்கச் சொல்வேன்.

பாப்பா


மே 9

அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் பஸ் ஏறிப் போனதிலிருந்து விசாரணை அறைதான் கண்ணுக்குள் நிற்கிறது. விரிப்புகளைத் தப்புத் தப்பாக மடித்துத் திட்டு வாங்கினேன்.

பதிலே எழுதாமல் இருந்துவிட்டு, அப்படி வாசலில் வந்து நிற்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த மனிதர் பக்கத்து நாற்காலியில் போய் உட்காரப் போகிறீர்களோ என்றுதான் முதலில் பயந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். சிரித்துக்கொண்டே பையை எடுத்து உங்களுக்கு இடம் விட்டாரே, கவனித்தீர்களா? நீங்கள் அண்ணனிடம், "நீங்க வெளிய உக்காருங்க. உள்ள வந்தா அழுது காரியத்தைக் கெடுத்துடுவீங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கம் வந்தீர்கள்.

கடன் நிறுவனத்தின் வக்கீல் திறப்பு விழாப் படத்தைக் காட்டி, "இவங்கதானே முதலாளி?" என்று கேட்டார். அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். நீங்கள் சொன்னதை நான் பார்த்ததில்லை.

"அவ கையில பூங்கொத்து இருக்குங்க. சாவிக்கொத்து அவரு கையில இருக்கு. மத்த படத்துலயும் பாருங்க, சாவி அவருகிட்டதான் இருக்கும்."

அறையில் எல்லோரும் குனிந்து படங்களைப் புரட்டினார்கள். தலைவராக இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

நீங்கள் நிறுத்தவில்லை. தினமும் வளையல் போடுகிறவள் கையில் தடம் இருக்கும், இவள் கையில் இல்லை என்றீர்கள். காரிலிருந்து இறங்குகிறவள் காலில் வருஷக்கணக்காக ஒரே செருப்பு, அறுந்த வாரைத் துணி தைக்கிற ஊசியால் தைத்துப் போட்டிருந்தாள் என்றீர்கள். எனக்கு அழைப்பு வந்தால் அவர்தான் போனை எடுப்பார் என்றீர்கள். ஒரு நாள் உங்கள் மகளிடம் நான் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டதையும், அவள் உண்டியலைக் கவிழ்த்துக் கொடுத்ததையும் சொன்னீர்கள். அன்று உங்கள் வீட்டிலிருந்து ஓடிவிடத்தான் கேட்டேன். பஸ் நிறுத்தம் வரை போனேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வக்கீல் விடவில்லை. "இவ்வளவையும் பாத்தீங்க, ஒரு சந்தேகமும் வரலையா?"

"வரலைங்க. பணம் இருக்கறவங்க கஞ்சத்தனம்னு நெனச்சேன். நெனச்சது தப்பு. பாத்தது சரி."

"ஒருத்தர் செருப்பு, வளையல் எல்லாம் இத்தனை வருஷம் எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

"பொறாமைங்க."

அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இவங்க மேல உங்களுக்குப் பாசம் இல்லைன்னு சொல்றீங்க?"

"பாசத்துல பேசறேன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?"

தலைவரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதியதை நான் பார்த்தேன். பிறகு அந்த மனிதர் கடைக்கு வந்தது, கல்லூரிச் செலவு, 'கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும்' என்றது, எல்லாவற்றையும் சொன்னீர்கள். "அவரு கேட்டபடியே பாத்ததைத்தான் சொல்லியிருக்கேன்" என்று முடித்தீர்கள். அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

வெளியே வந்து உங்களைக் கட்டிக்கொள்ள நினைத்தேன். நீங்கள் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பாப்பா


ஜூன் 14

அண்ணிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இருந்தாலும் முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஷோரூம் கடனிலிருந்தும் மூன்று கார்டுகளிலிருந்தும் என் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார்கள். கடன் வாங்கிவிட்டு ஏமாற்றியவள் என்று நிறுவனங்கள் என் பெயருக்கு எதிரே போட்டிருந்த குறிப்பையும் அழிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டையும் உங்கள் சாட்சியையும் சேர்த்துப் பார்த்தே என்னை நம்பியதாக எழுதியிருக்கிறார்கள். அந்த மனிதர் சாட்சியை விலைபேச வந்தது பற்றித் தனியாக விசாரணை இருக்கிறது.

கார் கடன் மட்டும் தப்பவில்லை. அதில் நான் கையெழுத்துப் போட்டபோது மிரட்டல் இருந்ததை நிரூபிக்க முடியவில்லை. காரை நானும் சில நாள் ஓட்டியிருக்கிறேன். வக்கீலம்மா மேல்முறையீடு செய்யலாம் என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன். சம்பளத்தில் ஒரு பகுதி போகும். வட்டியைத் தள்ளிவிட்டார்கள்.

சம்மதம் என்று கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். பேனாவைக் கையில் எடுத்ததும் பழக்கத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஓட்டல் சீருடையில் என்னோடு வந்திருந்த தோழி கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன். குமாஸ்தா மணியைப் பார்த்தார். இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் போட்டேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள், கார் தவணைக்கு அவர் ஒரு காசு தரக் கூடாது.

பாப்பா


ஜூன் 22

பாப்பாவுக்கு,

மே மாதம் நீ எழுதிய கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அவ்வளவு பெருமையாக என்னைப் பற்றி யாரும் எழுதியதில்லை. அதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன்னைத் திட்டி எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

தீர்ப்பை உன் அண்ணனுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை. முதுகைத் தடவிக் கொடுத்தபடியே, எனக்காக இந்த மனிதர் இதில் பாதியாவது அழுவாரா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. நீ பேனாவைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாய் என்று எழுதினாயே, அதற்கும் எனக்குப் பொறாமைதான். நான் இதுவரை எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதல் வருஷப் பணத்தை நேற்றுக் கட்டினோம். படிவத்தில் என் கையெழுத்துக் கேட்டார்கள். ஒரு வரி விடாமல் படித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

அந்தக் கார் கடனை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. ஓட்டினால் என்ன, ஓட்டச் சொன்னது யார்? மேல்முறையீடு வேண்டாம் என்று நீயாக முடிவு செய்யாதே. வக்கீலம்மாவிடம் நான் பேச வேண்டும். அவருடைய விலாசத்தை அனுப்பு. அந்தக் காரைப் பற்றியும் எனக்கு நிறைய ஞாபகம் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை என்று உன் அண்ணன் சொன்னார். காலை பஸ்ஸில் கிளம்பி வா. நீ வருவது மத்தியானம் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். வாசலிலேயே உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டு பழைய கதை பேச ஆரம்பித்துவிட்டால் பிறகு எனக்கு ஒரு வார்த்தை மிஞ்சாது. அன்று காலையில் அவரை ஏதாவது வேலைக்கு வெளியே அனுப்பிவிடுகிறேன். மகளும் தோழி வீட்டுக்குப் போகிறாள்.

அவர் வருகிற வரைக்கும் நீ என்னோடுதான் பேச வேண்டும்.

அண்ணி